மீன்குழம்புக்கு வந்த கேள்விகள்

சகுந்தலா மேடத்துக்கு,

இணைய எழுத்துப் பாடத்துக்கு நீங்கள் கேட்ட சுயமதிப்பீடு இது. "உங்கள் பதிவுகளையும் அவற்றுக்கு வந்த பின்னூட்டங்களையும் முதலிலிருந்து படியுங்கள். வேறு யாரோ எழுதியதைப் படிப்பதுபோலப் படியுங்கள். என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று ஆயிரம் சொற்களில் எழுதுங்கள்" என்றீர்கள். ஆயிரத்துக்குள் அடங்கவில்லை. மெயிலில் அனுப்பவும் மனமில்லை. கையால் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, உங்கள் கையில்தான் தருவேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள். மார்க் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

இதில் வரும் பிளாட் இப்போது ஆள் காலி செய்துவிட்ட இடம். அதனால்தான் ஊர்ப் பெயரோடு எழுதுகிறேன்.

என் பிளாக் 'ஞாயிறு மீன்' உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு வாரம், பன்னிரண்டு பதிவு. ஞாயிற்றுக்கிழமை அம்மா சர்ச்சுக்குப் புடவை கட்டிக்கொண்டிருக்கும்போதே நான் செங்கல்பட்டில் பஸ் ஏறிவிடுவேன். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் படகுகள் கரையேறும் இடத்தில் மீன் வாங்குவேன். அதை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்க் குழம்பு வைப்பேன். எந்த மீன், மீன்காரம்மாவிடம் எப்படி வாயடித்தேன், குழம்பில் எங்கே கோட்டை விட்டேன், அண்ணன் எத்தனை தட்டு சாப்பிட்டான், இதுதான் பதிவு. நன்றாகத்தான் எழுதினேன். என் வாயால் சொல்லக் கூடாது, ஆனால் நீங்களே சொன்னீர்கள். மூன்றாம் வாரம் என் பதிவை வகுப்பில் சத்தமாக வாசித்தீர்கள். துறையின் முகநூல் பக்கத்திலும் பகிர்ந்தீர்கள். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கையில் பெரிய சங்கரா மீனோடு நான் பல்லைக் காட்டி நிற்கும் படம், கீழே 'பெ. கவியா, இரண்டாம் ஆண்டு தமிழ்' என்று பெயர். பதிவில் எழுதியவர் பெயரும் படமும் கட்டாயம் என்பது துறை விதி.

பதிவுகளில் நான் எழுதாத ஒன்று உண்டு. என் அண்ணன் ஆல்வினும் அண்ணி தாரணியும் ஒளிந்து வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊர் செய்யூருக்குத் தெற்கே. ஊர் என்று சொல்வது வாய்ப் பழக்கம், எங்களுடையது காலனி. அண்ணியின் வீடுதான் ஊருக்குள் இருக்கிறது. எங்கள் ஆட்கள் அவர்கள் வேர்க்கடலைக் கொல்லையில் களை வெட்டியவர்கள். அப்பாவுக்கு மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்ததும் நாங்கள் செங்கல்பட்டுக்கு வந்துவிட்டோம். ஆனால் அதற்கு முன்பே, அண்ணன் பாலிடெக்னிக் போன பஸ்ஸில் அண்ணியும் வந்தாள். மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. பதினாறு மாதத்துக்கு முன் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். மூன்றாம் நாள் ஊர் பஸ் நிறுத்தத்தில் ஒரு பேனர் கட்டினார்கள். அண்ணியின் பள்ளிக்கூடப் படம், மேலே 'கண்ணீர் அஞ்சலி', கீழே பிறப்பு, இறப்பு. இறப்பு என்று போட்டிருந்தது அவர்களுடைய கல்யாணத் தேதி. துயரில் வாடுவோர் பட்டியலில் முதல் பெயர் அண்ணியின் அண்ணன் கிருபாகரன்.

போலீசுக்குப் போகக் கூடாதா என்று கேட்பீர்கள். போனார்கள். எந்த ஸ்டேஷன் என்று எழுதப் போவதில்லை. பாதுகாப்பு கேட்டு மனு கொடுத்துவிட்டு, வெளியே வந்து டீ குடித்து முடிப்பதற்குள் கிருபாகரன் பைக்கில் வந்து எதிரே நின்றான். ஒன்றும் பேசவில்லையாம். தாரணியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனானாம். அன்றிலிருந்து மூன்று வீடு மாறினார்கள். நான்காவது வீடு கேளம்பாக்கத்தில் ஒரு பிளாட். அங்கேதான் ஏழு மாதம் நிம்மதியாக இருந்தார்கள். அங்கேதான் நான் மீன் கொண்டு போனேன்.

பெயர், ஊர், முகவரி எழுதாதீர்கள் என்று முதல் வகுப்பிலேயே நீங்கள் சொன்னது உண்மை. நான் ஒன்றுகூட எழுதவில்லை. அண்ணனுக்கு 'அண்ணாத்த' என்று பெயர் வைத்தேன். அண்ணி வெறும் 'அண்ணி'. கேளம்பாக்கம் 'அந்த ஊர்'. இவ்வளவு கவனமாக எழுதுகிறேனே என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

பின்னூட்டத்துக்குத் தனி மார்க் வைத்தீர்கள். வந்த எந்தக் கேள்வியையும் பதில் இல்லாமல் விடக் கூடாது. ஒரு வரியில் பதில் சொன்னால் அரை மார்க், விவரமாகச் சொன்னால் ஒரு மார்க். வகுப்புக்கு வெளியிலிருந்து ஒரு வாசகர் வந்து, அவரோடு தொடர்ந்து உரையாடினால் கூடுதல் மார்க். எங்கள் வகுப்பில் எல்லோரும் ஒருவர் பிளாக்கில் ஒருவர் போய் 'அருமை தோழி', 'சிறப்பு நண்பா' என்று பிச்சை போட்டுக்கொண்டிருந்தோம். வெளியாள் வந்தது எனக்கு மட்டும்தான். அதில் எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சம் இல்லை. உங்களைக் குறை சொல்லவில்லை மேடம். கொஞ்சம் சொல்கிறேன்.

அந்த வெளியாளின் பெயர் 'அம்மா கைமணம்'. நான்காம் வாரம் வந்தார். முதல் வரியே 'உங்கள் கைப்பக்குவம் அருமை, எழுத்தும் அப்படியே' என்றுதான் இருந்தது. படம் இல்லை, ஒரு மண்சட்டிப் படம் மட்டும். யாரோ சமையல் தெரிந்த அம்மாள், பொழுது போகாமல் படிக்கிறாள் என்று நினைத்தேன். வாரம் ஒரு கேள்வி கேட்பார். சரியான கேள்வியாக இருக்கும். நம் வகுப்பில் ஒருத்தராவது அப்படிக் கேட்டதுண்டா? நான் பத்திரிகைக்குப் பேட்டி கொடுப்பவள்போல நீட்டி முழக்கிப் பதில் எழுதினேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, நம் கணினி அறையில் உட்கார்ந்து சுயமதிப்பீட்டுப் படிவத்தை நிரப்ப ஆரம்பித்தேன். நீங்கள் கொடுத்த படிவத்தில் நான்கு பத்தி: தேதி, யார், என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன். வாரம் வாரமாகப் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வகுப்புத் தோழர்களின் அருமை, சிறப்பு எல்லாவற்றையும் நீக்கிவிட்டு 'அம்மா கைமணம்' வரிசையை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினேன். மூன்றாம் பத்தியை மேலிருந்து கீழே படித்தேன். பக்கத்தில் ரக்ஷா ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் குரல் காதில் விழவில்லை.

மீன் வாங்கி வீடு போவதற்குள் கெட்டுவிடாதா, எவ்வளவு நேரம் ஆகும் என்று முதல் கேள்வி. 'ஐஸ் போட்டு வாங்குவேன். கோவளம் வரை பஸ், அங்கிருந்து ஒரே ஷேர் ஆட்டோ. ஒரு மணி நேரத்தில் அடுப்பில் ஏறிவிடும்.' கோவளத்திலிருந்து ஷேர் ஆட்டோ எங்கே போகும் என்று இந்தப் பக்கத்துக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

அடுத்த வாரம், குழம்புக்கு என்ன தண்ணீர், போர் தண்ணீர் என்றால் புளி அதிகம் இழுக்குமே என்று கேள்வி. 'லாரி தண்ணீர்தான். புது பிளாட், கீழ்த்தளத்தில் இன்னும் பூச்சு வேலையே முடியவில்லை.'

மீன் வாசனைக்கு அக்கம்பக்கத்தில் சண்டை வராதா? 'நாலாவது மாடியில் நாங்களும் எதிர் வீட்டு ஒடிசா பையன்களும்தான். அவர்களுக்கும் ஒரு கிண்ணம் போய்விடும்.'

அண்ணன் சுடச்சுடச் சாப்பிடுவாரா, வேலைக்குக் கட்டிக்கொண்டு போவாரா? 'வார நாளில் பகல் ஷிப்ட். காலை எட்டு மணிக்கு வேன் வந்தால், மாலை ஐந்துக்குத்தான் இறக்கிவிடும். ஞாயிறு மட்டும் வீட்டில் ராஜா.'

எட்டாம் வாரம், அண்ணி மீன் வாசனை தாங்காமல் வாசலில் போய் நின்றதை வேடிக்கையாக எழுதியிருந்தேன். 'விசேஷமா? எத்தனாவது மாதம்?' என்று கேள்வி வந்தது. 'ஐந்து முடிந்து ஆறு' என்று நாலு பூப் படத்தோடு பதில்.

ஒன்பதாம் வாரம் கேள்வி இல்லை, இறாலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 'எறா மட்டும் கொடுத்துவிடாதீர்கள். உடம்பெல்லாம் தடித்துவிடும்.' அதற்கு நான் எழுதிய பதிலை மறுபடி மறுபடி படித்தேன். 'போன மாதம் குழம்பில் மீனோடு எறாவும் கலந்திருந்தது, தெரியாமல் சாப்பிட்டு அப்படித்தான் ஆனது. எப்படி இவ்வளவு சரியாகச் சொன்னீர்கள்?' நானே கேட்டிருக்கிறேன். அதற்குப் பதில் வரவில்லை. வராததை நான் கவனிக்கவே இல்லை.

எறா கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக ஆகாது என்று சொல்கிறார் என்று அப்போது நினைத்தேன். பொதுவாகச் சொல்பவர் சூடு என்பார், வாய்வு என்பார். உடம்பெல்லாம் தடிக்கும் என்று சொல்ல வேண்டுமானால் தடித்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

பன்னிரண்டாம் வாரப் பதிவு வளையல் வாங்கியதைப் பற்றி. பெரியவர்கள் இல்லாமல் வளைகாப்பு எப்படி, என்றைக்கு என்று கேட்டிருந்தார். 'வரும் ஞாயிறு பதினோரு மணிக்கு, வீட்டிலேயே. அப்பா அம்மாவோடு நாங்கள் ஐந்து பேர்தான்.' வளைகாப்பு முடிந்தால் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவதுதானே முறை என்று அவர் மறுபடி எழுதினார். 'அவர்கள் வீட்டிலிருந்து யாரும் வரமாட்டார்கள் அம்மா' என்று நான் எழுதினேன். அம்மா என்று வேறு கூப்பிட்டிருக்கிறேன்.

அதற்குக் கீழே வியாழக்கிழமை போட்ட கடைசிப் பின்னூட்டம் இன்னும் பதில் இல்லாமல் கிடந்தது. ஒரே ஒரு சொல். 'வருவாங்க.'

தவளை தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். என் விஷயத்தில் கத்தியது நான், கெடப்போவது என் அண்ணன்.

அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். அவன் ஐ.டி. கம்பெனி ஒன்றில் ஏசி, லிஃப்ட் பராமரிப்பு. வேலை நேரத்தில் ஃபோன் லாக்கரில் இருக்கும். அண்ணிக்குப் போட்டேன். எடுக்கவில்லை. உங்களிடம்கூடச் சொல்லாமல் ஓடிவந்தேன். அதற்குத்தான் நீங்கள் ஆப்சென்ட் போட்டீர்கள். திருப்போரூர் பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ். வழியெல்லாம் அண்ணிக்கு ஃபோன் அடித்துக்கொண்டே வந்தேன். எதிரே வந்த ஒவ்வொரு காரிலும் யார் இருக்கிறார்கள் என்று எட்டி எட்டிப் பார்த்தேன். பக்கத்து சீட்டுப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

கேளம்பாக்கம் போனபோது மணி நாலு. பிளாட் வாசலில் வாட்ச்மேன் முத்துசாமி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வா பாப்பா. ஞாயித்துக்கெழம விசேஷமாமே. எனக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"யாரு சொன்னது உங்களுக்கு?"

"உங்க ஆளுங்கதான். காலைல ரெண்டு பேரு வந்தாங்க. நாலாவது மாடி வளகாப்புக்கு சொந்தக்காருங்க வர்றாங்க, வண்டி நிறுத்த எடம் கீதான்னு கேட்டாங்க. பின்னாடி கேட்டு எங்க போவுது, லிஃப்டு வேல செய்யுதா, எல்லாம் பாத்துகினு போனாங்க."

"மேல போனாங்களா?"

"இல்ல. நான் கூப்ட்டேன், வாங்க காட்றேன்னு. வேணாம், ஞாயித்துக்கெழம பாத்துக்கறோம்னாங்க. நல்ல மாதிரிதான். எனக்கு டீ வாங்கிக் குடுத்தாங்க."

"எத்தன வண்டி வரும்னாங்க?"

"மூணு" என்றார் முத்துசாமி.

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் நாலு மாடியும் படியேறினேன். கதவைத் தட்டினேன். அண்ணி திறந்தாள். நைட்டியில், தலையில் துண்டு கட்டி, வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றாள். குளித்துக்கொண்டிருந்தாளாம், ஃபோன் சார்ஜில் இருந்ததாம். அவளைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பயந்துபோய், "இன்னா கவி, அவருக்கு இன்னா ஆச்சு?" என்றாள்.

"அண்ணனுக்கு ஒண்ணும் ஆவல. நான்தான் அண்ணி. நான்தான் எல்லாம் பண்ணிட்டேன்."

பிரின்ட் எடுத்த படிவம் பையில் இருந்தது. அதைக் கொடுத்தேன். அண்ணி கட்டிலில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக, விரலை வைத்து வைத்துப் படித்தாள். மீனைப் பற்றி, தண்ணீரைப் பற்றி, மாடியைப் பற்றிப் படிக்கும்போது முகம் இறுகிக்கொண்டே வந்தது. எறா வரியில் விரல் நின்றது. அங்கேயே நெடுநேரம் நின்றது.

"இது எங்கம்மா" என்றாள்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மூணாவது படிக்கும்போது எறா துன்னுட்டு மூஞ்சியெல்லாம் வீங்கிப் போச்சு. எங்கம்மா வேப்பெல அரச்சிப் பூசி, ராத்திரி முழுக்க மடியிலயே வச்சிகினு இருந்துது. அதுலருந்து எங்க வூட்ல எறாவே வாங்கினது இல்ல." சொல்லும்போதே கண்ணில் தண்ணீர். ஆனால் உதட்டில் ஒரு சிரிப்பு வந்ததையும் நான் பார்த்தேன். பதினாறு மாதம் கழித்து அம்மாவின் குரலைக் கேட்ட சிரிப்பு அது. அதைப் பார்க்கத்தான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

"அண்ணி, உங்கம்மாவே எழுதறாங்கன்னா..."

"எங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது கவி." சிரிப்பு போய்விட்டது. "ஃபோன எடுத்து அலோ சொல்லும், அவ்ளோதான். அது சொல்லச் சொல்ல எவனோ பக்கத்துல குந்திகினு எழுதிகீறான். பொண்ணு எப்படி கீதுன்னு தெரியணும்னா இன்னா கேக்கணும் கேளுன்னு சொல்லிகீறான். அதுவும் கேட்டுகீது."

எவன் என்று நான் கேட்கவில்லை. அவளும் பெயர் சொல்லவில்லை. இருவரும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தோம். தாய் கேட்கிற கேள்விகள், ஒவ்வொன்றும். சாப்பிடுகிறாளா, தண்ணீர் எப்படி, அக்கம்பக்கம் யார், புருஷன் எப்போது வருவான், எத்தனை மாதம். அவன் ஒன்றும் புதிதாகக் கற்பனை செய்யவே வேண்டியிருக்கவில்லை.

ஐந்து மணிக்கு அண்ணன் வந்தான். லஞ்ச் பையைக்கூடக் கீழே வைக்காமல், நின்றபடியே படித்தான். முத்துசாமி சொன்னதையும் சொன்னேன். அவன் கத்துவான், கன்னத்தில் ஒன்று விடுவான் என்று எதிர்பார்த்தேன். விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் தாளை மடித்து என்னிடம் கொடுத்தான்.

"நல்லா எழுதிகீற" என்றான். குத்திக்காட்டவில்லை மேடம். அவன் முகத்தில் ஆச்சரியம்தான் இருந்தது. "அப்படியே எங்க வூடு மாதிரியே கீது."

பிளாக்கை அப்போதே அழித்துவிடுகிறேன் என்று ஃபோனை எடுத்தேன். அண்ணன் என் கையைப் பிடித்தான்.

"வேணாம். அழிச்சா தெரிஞ்சிப் போச்சுன்னு தெரிஞ்சிடும். ராவுக்கே வந்துடுவானுங்க. ஞாயித்துக்கெழம வரைக்கும் அப்படியே கெடக்கட்டும். அந்தக் கடைசி வரிக்கி நீ பதில் போட்லயே?"

"இல்ல."

"போடு. வந்தா சந்தோஷம்னு போடு."

நான் போட்டேன். 'வந்தால் ரொம்பச் சந்தோஷம். அண்ணி எதிர்பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.' பன்னிரண்டு வாரத்தில் நான் எழுதிய ஒரே பொய் இதுதான். அண்ணி என் தோளுக்கு மேலே எட்டி அதைப் படித்தாள்.

"எங்கம்மா நம்பிடும்" என்றாள்.

அண்ணன் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கினான்.

நாலாவது முறை என்பதால் அவர்களுக்குக் கை பழகியிருந்தது. எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒரு பேச்சும் இல்லை. துணி, சர்டிபிகேட், அண்ணியின் ஆஸ்பத்திரி ஃபைல், குக்கர். கட்டில், மின்விசிறி, பீரோ எல்லாம் அப்படியே. குழந்தைக்கென்று அண்ணன் சுவரில் மஞ்சள் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். பாதிச் சுவர் அடித்தபடி நின்றது. அண்ணனுடைய ஃப்ரெண்ட் சாம் பின்பக்க கேட்டுக்கு ஒரு வேன் கொண்டு வந்தார். முத்துசாமியிடம், செக்கப்புக்குப் போகிறோம் என்று அண்ணன் சொன்னான். நல்ல மனிதரிடமும் பொய்தான். நல்ல மனிதர் என்பதால்தான் பொய். அவருக்கு யார் டீ வாங்கிக் கொடுத்தாலும் பேசிவிடுவார். அவரும் என்னைப் போலத்தான்.

அண்ணி வேனில் ஏறி உட்கார்ந்தாள். வெளிச்சம் இன்னும் போகவில்லை. ரோட்டில் கம்பெனி வேன்கள் போய்க்கொண்டிருந்தன. அண்ணன் என்னைத் தனியாக இழுத்தான்.

"அப்பா அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாத. போய் சேந்ததும் வேற நம்பர்லருந்து உனக்கு மட்டும் ஃபோன் பண்றேன். எங்க கீறோம்னு உனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

அவன் என்னை நம்பினான் மேடம். இவ்வளவுக்குப் பிறகும். அவனுக்கு நான் இன்னும் சின்ன வயதில் அவன் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து வந்த தங்கச்சிதான். அந்த நம்பிக்கையை வாங்கிக்கொள்ள எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா. குழந்தை பிறந்தால் முதல் ஆளாகப் போய்ப் பார்க்கலாம். பெயர் வைக்கலாம். ஆனால் நான் யார் என்று ஒரு தாள் நிறைய என் பையில் இருந்தது.

"எனக்குச் சொல்லாத" என்றேன்.

"இன்னாடி?"

"எனக்கும் சொல்லாத. ஃபோன் பண்ணாத. எந்த ஊரு, எத்தனாவது மாடி, கொழந்த ஆணா பொண்ணா, ஒண்ணும் எனக்குத் தெரிய வேணாம். நல்லா கேட்டா நான் சொல்லிடுவேன் அண்ணா."

அவன் என்னையே பார்த்தான். மறுத்துப் பேசுவான் என்று ஒரு நொடி நம்பினேன். அவன் மறுக்கவில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டு, வேனில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினான். வேன் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்காமல் இருக்க நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரைக்கு முத்துசாமி ஃபோன் செய்தார். மூன்று கார் வந்ததாம். வளையல் தட்டு, பழத் தட்டு, பூ எல்லாம் முறையாக எடுத்துக்கொண்டு வந்தார்களாம். ஆனால் தட்டு தூக்கி வந்தவர்கள் எல்லோரும் ஆம்பளைகளாம். நாலாவது மாடி பூட்டியிருக்கிறது என்றதும் சத்தம் போடவில்லையாம். தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் நின்று காத்திருந்தார்களாம். நடுக் காரில் ஒரு அம்மாள் இருந்ததாம். "எறங்கவே வுடல பாப்பா. கண்ணாடிய எறக்கி மேலயே பாத்துகினு இருந்துச்சு" என்றார். அன்று மாலை நான் பிளாக்கை அழித்தேன். அதனால்தான் உங்களுக்குப் பக்கம் திறக்கவில்லை.

அண்ணன் வேண்டாம் என்றும், வளைகாப்புக்குக் கிளம்பிவிடுவார்களே என்று அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சனிக்கிழமையே நடந்ததைச் சொல்லிவிட்டேன். அம்மா தினமும் காலையில் ஃபோன் வந்ததா என்று கேட்கிறாள். எனக்குச் சொல்ல வேண்டாம் என்று நானே சொன்னேன் என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

இந்தக் கட்டுரையை இவ்வளவு தாமதமாகத் தருவதற்குக் காரணம் போன ஞாயிறு. ஆராதனை முடிந்து அம்மா சர்ச் வாசலுக்கு வந்தபோது, தாரணி அண்ணியின் அம்மா அங்கே நின்றாராம். எங்கள் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாராம். முப்பது வருடம் அவர்கள் கொல்லையில் வேலை செய்த அம்மாவை அந்த வீட்டார் தொட்டது அதுதான் முதல் தடவை. "எம்பொண்ணு எங்க கீதுன்னு மட்டும் சொல்லு ரெபேக்கா. கிட்ட போவ மாட்டேன். தூரத்துல நின்னு வயித்த பாத்துட்டு வந்துட்றேன்" என்று அழுதாராம். அம்மாவும் அழுதாளாம். தெரியாதும்மா, சத்தியமாக எங்களுக்குத் தெரியாது என்றாளாம். எதிரே ஒரு பைக்கில் சாய்ந்து ஃபோனை நோண்டிக்கொண்டிருந்த கிருபாகரன், அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறான். உண்மைதான் சொல்கிறாள் என்று தெரிந்ததும் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து அம்மா என்னிடம் இதைச் சொன்னபோது, "தெரிஞ்சிருந்தா சொல்லிட்டிருப்பேன் கவி. அந்தம்மா அழுவறத பாத்துட்டு எவளால சொல்லாம இருக்க முடியும்?" என்றாள்.

அது சரிதான் மேடம். அம்மாவாக இருந்தால் ஒரு தாயின் கண்ணீருக்குச் சொல்லியிருப்பாள். நான் 'உங்கள் கைப்பக்குவம் அருமை' என்ற ஒரு வரிக்குச் சொன்னேன்.